ஏழாம் பக்கத்தின் கடைசிப் பெயர்

பெயர்: சவரிமுத்து அருள்தாஸ். வயது: 29. தொழில்: கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கணினி நிரல் எழுதுபவர். நிரந்தர முகவரி: இலக்கம் 6, எட்டாம் லயம், கீழ்ப்பிரிவு, கொடிகல தோட்டம், யட்டியாந்தோட்டை. தற்போது கொழும்பில் வாடகை அறை. திகதி: 2008.06.23. நேரம்: பிற்பகல் 2.10. மொழி: தமிழ். எழுதுபவர்: பொலிஸ் கான்ஸ்டபிள் ஜாபிர்.

நடந்தவற்றை ஒழுங்காக, முதலில் நடந்ததை முதலில் சொல்லும்படி கான்ஸ்டபிள் ஜாபிர் கேட்டுக்கொண்டார். அப்படியே சொல்வேன். ஆனால் ஒரு விஷயத்தை ஒழுங்கு தப்பினாலும் பரவாயில்லை, இந்த முதல் தாளிலேயே எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மினிபுர தோட்டத்தின் கிளாக்கர் கன்னையா, வயது 54, தங்கம்மா என்ற பெயருடைய இரண்டு பெண் தொழிலாளர்களின் மூன்று மாதச் சம்பளத்தை எடுக்கவில்லை. அந்தப் பணம் அவர்களுக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் நான் எழுதிய நிரல். கன்னையா இன்றோடு நாற்பது நாளாக விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். நாளை மறுநாள் அவருடைய வழக்கு மீண்டும் எடுக்கப்படுகிறது. இதையெல்லாம் ஏன் முதல் தாளிலேயே எழுதச் சொன்னேன் என்பது பின்னால் விளங்கும்.

2007ஆம் ஆண்டின் கடைசியில் மினிபுர தோட்டத்து நிர்வாகம், தொழிலாளருக்குச் சம்பளத்தைக் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு வங்கிக் கணக்கில் போடுவதென்று முடிவு செய்தது. அதற்கான நிரலை எழுதும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நிறுவனம் அதை என்னிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு சம்பள நாளிலும் தோட்டத்து ஆபீஸ் கணினி வங்கியின் கணினியிடம், எந்தெந்தத் தொழிலாளிக்குக் கணக்கு இருக்கிறது என்று கேட்கும். வங்கிக் கணினி பட்டியல் கொடுக்கும். பட்டியலில் உள்ளவர்களுக்குச் சம்பளம் போகும். இப்படிக் கேட்டு வாங்குவதற்கு வங்கி திறந்துவைத்திருக்கும் வழியை எங்கள் தொழிலில் ஏபிஐ என்பார்கள். வங்கியின் கவுண்டர் மாதிரித்தான், ஆனால் இரண்டு பக்கமும் மனிதர் இல்லை.

மினிபுரத்தில் கணக்கு வைத்திருந்தவர்கள் 842 பேர். இவ்வளவு பேரையும் ஒரே மூச்சில் கேட்டால் வங்கிக் கணினி திணறும் என்பதால், பக்கத்துக்கு நூறு பேராகத்தான் தருவார்கள். ஒரு பக்கம் வந்ததும், அடுத்த பக்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நாம் சொல்லிக் கேட்க வேண்டும். அதைச் சொல்ல இரண்டு வழிகளை வங்கி கொடுத்திருந்தது. கடைசியாக வந்த ஆளின் கணக்கு நம்பரைச் சொல்லி, அதற்கு அடுத்த நம்பரிலிருந்து கேட்கலாம். அல்லது கடைசியாக வந்த ஆளின் பெயரைச் சொல்லி, அதற்கு அடுத்த பெயரிலிருந்து கேட்கலாம். நான் பெயரைத் தெரிவு செய்தேன்.

ஏன் பெயர் என்று கான்ஸ்டபிள் ஜாபிர் கேட்டார். கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் இடத்தில், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் தாயார் எஸ்தரின் நம்பர் 233. சின்ன வயதில் நான் பெரட்டுக்களத்து ஓரத்தில் நின்று "இரு நூத்தி முப்பத்தி மூணு" என்று கங்காணி கத்துவதையும், என் தாயார் "சாமி" என்று தலைகுனிந்து போவதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை. இன்றைக்கும் அந்த நம்பரைக் கேட்டால் உடம்பு எரிகிறது. என் கையில் ஒரு நிரல் வந்தபோது, அதிலாவது இந்தச் சனங்களை மனிதரைப் போலப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். அது ஒரு பெரிய நியாயம் என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன்.

அந்த நம்பர் எதற்காக வந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரே பெயரில் நாலு பேர் நிற்கிற இடத்தில், பெயரைக் கூப்பிட்டால் நாலு பேரும் வருவார்கள் அல்லது ஒருத்தரும் வரமாட்டார்கள். கங்காணிக்குத் தெரிந்த இந்த விஷயம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மறந்துபோனது.

நிரலைப் பரீட்சித்துப் பார்க்க, கொழும்புத் தலைமை அலுவலகத்தின் ஊழியர் பட்டியலை எடுத்துக்கொண்டேன். 240 பேர். ஒவ்வொருவருக்கும் நாலைந்து தலைப்பெழுத்துகள். ஒரு பெயரைப் போல இன்னொரு பெயர் இல்லை. மூன்று பக்கமும் பிசகாமல் வந்தது. தோட்டத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பரீட்சித்திருக்க வேண்டும். கேட்டால் தோட்டத்தைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம். அலுவலகத்தில் ஊர் எதுவென்று கேட்டால் நான் கேகாலைப் பக்கம் என்றுதான் சொல்வேன். லயத்து நம்பரைச் சொன்னதில்லை.

2008 பெப்ரவரி 10ஆம் திகதி முதல் சம்பளம் நிரலின் வழியாகப் போனது. அன்று வங்கி கொடுத்த ஏழாம் பக்கத்தின் நூறாவது வரியில், அதாவது கடைசி வரியில், தங்கம்மா என்ற பெயர் இருந்தது. அவர் தோட்டத்து நம்பர் 118 தங்கம்மா. மினிபுரத்தில் இன்னும் இரண்டு தங்கம்மா இருக்கிறார்கள், நம்பர் 407, நம்பர் 412. கணக்குத் திறக்கும் நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றபடியால், வங்கிக்காரர்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தைக் கூடப் போடவில்லை. மூவரும் வெறும் தங்கம்மாதான். என் நிரல் எட்டாம் பக்கத்தைக் கேட்கும்போது, "தங்கம்மா என்ற பெயருக்கு அடுத்த பெயரிலிருந்து கொடு" என்று கேட்டது. வங்கிக் கணினி கேட்டபடியே தங்கராஜிலிருந்து கொடுத்தது. மிச்ச இரண்டு தங்கம்மாவும் ஏழாம் பக்கத்திலும் இல்லை, எட்டாம் பக்கத்திலும் இல்லை. 840 பேர்தான் வந்தார்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மொத்தம் 842 என்று வங்கி எழுதித்தான் அனுப்பியது. வந்த ஆட்களை எண்ணி, அந்தத் தொகையோடு ஒத்துப் பார் என்று ஒரே ஒரு வரி நான் எழுதியிருந்தால் போதும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எழுதப் படிக்கத் தெரியாத கங்காணிகூடத் தலை எண்ணாமல் ஆட்களை அனுப்ப மாட்டார். நான் பட்டதாரி. நான் எண்ணவில்லை.

பட்டியலில் வராதவர்களுடைய சம்பளம் என்னவாகும் என்பதற்கும் நிரலில் ஒரு ஏற்பாடு இருந்தது. அந்தப் பணம் தோட்டத்து ஆபீசின் ஒரு தனிக் கணக்கில் போய் நிற்கும். அந்தக் கணக்குக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைத்தவர் கன்னையா. நிர்வாகம் வைக்கச் சொன்ன இடத்தில் அவர் வைத்தார். நிர்வாகம் சொல்லாமல் அதிலிருந்து ஒரு சதமும் எடுத்துக் கொடுக்க அவரால் முடியாது.

அதன் பின்னர் பெப்ரவரி 12 அல்லது 13ஆம் திகதி கன்னையா எனக்குத் தொலைபேசி எடுத்தார். நிரலின் மேல் என் பெயர் இருந்தபடியால் தமிழில்தான் தொடங்கினார். "தம்பி, நீங்க நம்ம பக்கந்தானே? இங்க ரெண்டு பேரு லிஸ்ட்டுல இருந்து விழுந்துட்டாங்க. கம்பியூட்டர்ல இல்லனு சொல்லுதுங்க, ஆனா பேங்க் புத்தகம் அவங்க கையிலயே இருக்கு" என்றார். என்னைச் சுற்றி அலுவலகத்து ஆட்கள் இருந்தார்கள். யுத்தம் நடக்கும்போது தொலைபேசியில் தமிழ் பேசினால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை இந்த நிலையத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். அதன் பின்னர் அவரும் சிங்களத்துக்கு மாறி, "தென்னெக் அடுயி, மாத்தயா" என்றார். இரண்டு பேர் குறைகிறார்கள், ஐயா என்பது அதன் அர்த்தம். உங்கள் பக்கத்தில் பெயர்களைப் பிழையாகப் பதிந்திருப்பீர்கள், அதைத் திருத்துங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். என் தகப்பன் வயதுக்காரர் என்னை மாத்தயா என்று கூப்பிட்டார், நானும் கூப்பிட விட்டேன்.

மார்ச் 10ஆம் திகதியும் ஏப்ரல் 10ஆம் திகதியும் அதே ஏழாம் பக்கம், அதே கடைசிப் பெயர். அதே இரண்டு பேருக்குச் சம்பளம் போகவில்லை. கன்னையா இரண்டு முறை நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். கம்பியூட்டர் பிழை விடாது என்று பதில் வந்ததாக அவருடைய வழக்கறிஞர் சொல்கிறார்.

அதன் பின்னர் மே 2ஆம் திகதி தொழிற்சங்கத்தில் இருந்து தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் முறைப்பாடு போனது. எட்டு நாள் கழித்து, மே 10ஆம் திகதி, இரண்டு தங்கம்மாவுக்கும் அந்த மாதச் சம்பளம் பிசகாமல் வந்து சேர்ந்தது. இதுதான் கன்னையாவுக்கு எமனாக வந்தது. முறைப்பாடு போனதும் பயந்துபோய்ப் பணத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டார் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். தனிக் கணக்கைப் பார்த்தார்கள். மூன்று மாதச் சம்பளமும் ஒரு சதம் குறையாமல் அங்கே கிடந்தது. ஒரு சதமும் குறையவில்லை என்பதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை, கையெழுத்து யாருடையது என்பதைத்தான் பார்த்தார்கள்.

மே மாதம் பணம் ஏன் வந்தது என்பதை இப்போது நான் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் அந்தனி என்ற ஒருவர் மினிபுரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து கணக்குத் திறந்தார். ஆங்கில எழுத்து ஒழுங்கில் அவருடைய பெயர் பட்டியலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தது. அவருக்குக் கீழே இருந்த எல்லாரும் ஒரு வரி இறங்கினார்கள். ஏழாம் பக்கத்தின் கடைசிப் பெயர் தனலெட்சுமி ஆனது. மினிபுரத்தில் ஒரு தனலெட்சுமிதான். மூன்று தங்கம்மாவும் எட்டாம் பக்கத்தில் முழுசாக வந்து சேர்ந்தார்கள். ஒரு முன்பின் தெரியாத ஆள் வேலைக்கு வந்ததால் தங்கம்மாவுக்குச் சம்பளம் வந்தது, அதே காரணத்தால் கன்னையா சிறைக்குப் போனார். இதை எழுதும்போது கான்ஸ்டபிள் ஜாபிர் பேனாவை நிறுத்தி, "நம்மட ஸ்டேசன்லயும் ரெண்டு பண்டார ஈக்கிறாங்க" என்றார். பண்டார என்ற ஒரே பெயரில் இரண்டு பொலிஸ்காரர் இருக்கிறார்கள் என்பது அதன் அர்த்தம். அவருக்கு விளங்கிவிட்டது. படித்த நீதிமன்றத்துக்கும் விளங்கும் என்று நம்புகிறேன்.

மே 14ஆம் திகதி கன்னையா கைது செய்யப்பட்டார். மே 19ஆம் திகதி தோட்டத்து நிர்வாகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிரலில் பிழை ஏதும் உண்டா என்று ஒரு வரியில் கேட்டிருந்தார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பிழை இல்லை, நிரல் சரியாக இயங்குகிறது என்று பதில் எழுதினேன். கேள்வி வந்த நேரம் 11.02, பதில் போன நேரம் 11.06. நாலு நிமிடம். அந்தப் பதில் இப்போது கன்னையாவுக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் இருக்கிறது. அது பொய்ச் சான்று. அதை எழுதியவன் நான், இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதன் பின்னர் ஜூன் 14ஆம் திகதி சனிக்கிழமை நான் யட்டியாந்தோட்டை வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் தாயார், "மினிபுரத்துக் கிளாக்கரு ரெண்டு தங்கம்மா சம்பளத்தத் தின்னுட்டாராம். புடிச்சி உள்ள போட்டுட்டாங்களாம்" என்றார். "ரெண்டு பேரும் தங்கம்மாவா?" என்று கேட்டேன். "அதென்னடா கேள்வி? எந்தத் தோட்டத்துல ஒரு தங்கம்மா மட்டும் இருந்தா? நம்ம லயத்துலயே பீலிக்கரைத் தங்கம்மா, மேட்டுத் தங்கம்மானு இல்லியா?" என்றார். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். சோறு பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

ஜூன் 16ஆம் திகதி கொழும்பு அலுவலகத்தில், பெப்ரவரி முதல் மே வரை வங்கி கொடுத்த பக்கங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நான் இதுவரை சொன்னவை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. நாலு மாதத்தினதும் ஏழாம், எட்டாம் பக்கங்களை அச்சிட்டு இந்த வாக்குமூலத்தோடு கொடுக்கிறேன். இதை எங்கள் மேலாளரிடம் காட்டினேன். நிரலைச் சத்தமில்லாமல் திருத்திவிடு, கடிதம் ஒன்றும் எழுதாதே, தோட்டத்துப் பிரச்சினை நமக்கு எதற்கு என்றார். நானும் தோட்டத்தான் தான் என்று அப்போதுதான் அந்த அலுவலகத்தில் முதன்முதலாகச் சொன்னேன். நிரலை அன்றே திருத்தினேன். இப்போது நம்பரைச் சொல்லித்தான் கேட்கிறது. இன்று இங்கே வந்ததற்காக எனக்கு வேலை போகும். அது எழுதப்படத் தேவையில்லை, ஆனாலும் எழுதச் சொன்னேன்.

நேற்று, ஜூன் 22ஆம் திகதி, பஸ்ஸில் கஹவத்தை வந்து, அங்கிருந்து திரீவீலரில் மினிபுரம் போய் நம்பர் 412 தங்கம்மாவைச் சந்தித்தேன். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் மேல் கோபப்படவில்லை, அவருக்கு வேறு கோபம் இருந்தது. "அந்த ஐயா தின்னாருனு நான் எப்ப தம்பி சொன்னேன்? மாசத்துக்கு ரெண்டாயிரம் அவரு கைக்காச எடுத்துக் குடுத்தாரு. அரிசிக் கடைக் கடனுக்கும் அவரே ஜவாப்புனு சொன்னாரு. எல்லாத்தயும் பொலிஸ்ல சொன்னேன். நாலு தாளு எழுதுனாங்க. நாலு தாளுக்கும் கைநாட்டு வச்சேன்" என்றார்.

நான் அங்கிருந்து கன்னையாவின் வழக்கறிஞரிடம் போனேன். அவரிடம் தங்கம்மாவின் வாக்குமூலத்தின் பிரதி இருக்கிறது. அது ஒரே ஒரு தாள். நீதிமன்றக் கோவையில் இருப்பதும் அந்த ஒரு தாள்தான் என்றார். அதில் ஒரே ஒரு கைநாட்டு. அந்தத் தாளின் கடைசி வரிகள் இவை: "எனக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. கன்னையா என்பவரிடம் போய்க் கேட்டேன். உன் பெயரில் பணம் இல்லை என்று சொன்னார். அதன் பின்னர் அவர்". அத்தோடு தாள் முடிகிறது. வசனம் முடியவில்லை. அதன் பின்னர் அவர் என்ன செய்தார் என்று எழுதிய மூன்று தாளும் இல்லை. நாற்பது நாளாக ஒரு மனிதரை உள்ளே வைத்திருப்பவர்களில் ஒருவராவது, அதன் பின்னர் அவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை. சட்டைப்பையில் கையை விட்டுத் தன் காசை எடுத்துக் கொடுத்தார். அதுதான் அதன் பின்னர்.

என் நிரலைத் திட்டுவதற்கு இந்த உலகத்தில் யாருக்கும் தகுதி இல்லை என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது. அது ஒரு யந்திரம், ஒரு பெயரைக் கண்டதும் மிச்சத்தை விட்டது. மனிதர்கள் ஒரு தாளைக் கண்டதும் மிச்சத்தை விட்டார்கள். இதைச் சொல்லி என் குற்றத்தைக் குறைக்கப் பார்க்கவில்லை. தங்கம்மாவின் வாக்குமூலத்தை எழுதியவரும் கான்ஸ்டபிள் ஜாபிர்தான். இப்போது அவரிடம் கேட்டேன். "நாலு தாள் எழுதினது நான். அனுப்பினது நானில்ல" என்று மட்டும் சொன்னார். அதையும் எழுதச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார். அந்த மூன்று தாளையும் தேடி எடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை 9 மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்தேன். என் அடையாள அட்டை மூன்று முறை வாங்கிப் பார்க்கப்பட்டது. தமிழ் ஆளின் கையில் ஒரு தோட்டத்தின் வங்கிக் கணக்குப் பட்டியல் எப்படி வந்தது, அது வடக்குக்குப் போகிறதா என்று இரண்டு அதிகாரிகள் விசாரித்தார்கள். பதில் சொன்னேன். பிற்பகல் 2 மணிவரை மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அதன் பின்னர் ஓர் அதிகாரி, பெரிய விஷயம் இல்லையே, ஒரு தாளில் முடித்துவிடு என்றார். முடியாது என்று சொன்னேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

என் வேண்டுகோளின்படி, ஒவ்வொரு தாளின் தலையிலும் மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தாளின் கடைசிச் சொல்லும் அடுத்த தாளின் தொடக்கத்தில் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். வாசிப்பவர் தயவு செய்து எண்ணிப் பார்க்கவும்.

இவை யாவும் ஒருவரும் தூண்டாமல் நானாக வந்து சொன்னவை. எழுதியதைக் கான்ஸ்டபிள் ஜாபிர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. பதினொரு தாள் எழுதியிருக்கிறோம். கன்னையா அந்தப் பணத்தை எடுக்கவில்லை என்று முதல் தாளில் சொன்னேன். இந்தக் கடைசித் தாளிலும் அதையே சொல்கிறேன், கன்னையா அந்தப் பணத்தை எடுக்கவில்லை. நடுவில் எந்தத் தாள் காணாமல் போனாலும், இந்த இரண்டில் ஒன்றாவது நீதவானுடைய கைக்குப் போய்ச் சேரட்டும்.

ஒப்பம்: ச. அருள்தாஸ்
பதினொன்றில் பதினோராவது தாள்.